தூக்க மதிப்பெண் முதல் எஸ்.ஓ.எஸ். பொத்தான் வரை: வளாகக் கேள்விகள்

பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர் நலனுக்கென்று வாங்கப்படும் கருவிகள், செயலிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: என் ஸ்மார்ட் வாட்ச் தினமும் காலையில் தூக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறது. 'ஆழ்ந்த உறக்கம் 38 நிமிடம்' என்று பார்த்துவிட்டால் அன்று முழுவதும் சோர்வாகவே இருக்கிறது. செமஸ்டர் தேர்வு வேறு நெருங்குகிறது. – முதுகலை மாணவி, கோவை

இருக்கிற தேர்வுகள் போதாதென்று கடிகாரமும் உங்களுக்குத் தேர்வு வைக்கிறது. அதன் அடியில் மினுங்கும் பச்சை ஒளி, தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து நாடித்துடிப்பைக் கணிக்கிறது. கை அசைவையும் சேர்த்துக்கொள்கிறது. ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய வேண்டும். உறக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனைகளை ஒட்டுவது அதற்காகத்தான். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கடிகாரம் சொல்வதை ஓரளவு நம்பலாம். அந்த 38 வெறும் ஊகம். மதிப்பெண் கவலையே தூக்கத்தைக் கெடுப்பதைக் கவனித்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் அதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தேர்வு முடியும்வரை கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். இரவு பத்து மணிக்கு விடுதி வாசலில் குடிக்கும் டீயையும் நிறுத்திப் பாருங்கள். சில வாரங்கள் கழித்தும் தூக்கம் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வைஃபை இணைப்பு, கேட் பதிவு, மெஸ் கார்டு, வருகைப்பதிவு எல்லாவற்றையும் இணைத்து, மன உளைச்சலில் இருக்கும் மாணவிகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் மென்பொருளை வாங்க எங்கள் நிர்வாகம் யோசிக்கிறது. உங்கள் கருத்து? – விடுதிக் காப்பாளர், திருச்சி

வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

இந்த யோசனை புதிதல்ல. 2013இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 'ஸ்டூடன்ட் லைஃப்' என்ற ஆய்வு நடந்தது. 48 மாணவர்களின் கைபேசிகள் அவர்களுடைய தூக்கம், நடமாட்டம், பேச்சு ஆகியவற்றைப் பத்து வாரங்கள் பதிவு செய்தன. பருவம் நகர நகர அழுத்தம் கூடுவதும் தூக்கம் குறைவதும் தரவில் தெரிந்தன. நல்ல ஆய்வுதான். ஆனால் அந்த 48 பேரும் தாங்களாக முன்வந்தவர்கள். விடுதியில் இடம் கிடைக்க வேண்டுமே என்று கையெழுத்துப் போட்டவர்கள் அல்லர்.

அடுத்தது கணக்கு. உதாரணத்துக்கு, விடுதியில் 2,000 பேர். உண்மையாகவே தவிப்பில் இருப்பவர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அவர்களில் 80 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கிறது. மற்றவர்களில் 10 சதவீதத்தினரைத் தவறாகக் குறிக்கிறது. விற்க வருபவர் இதைப் பெருமையாகவே சொல்வார். உங்கள் மேசைக்கு வரும் பட்டியலில் 228 பெயர்கள் இருக்கும். அவற்றில் 32 மட்டுமே சரி. எஞ்சிய 196 பேரின் வீட்டுக்கும் யாராவது போன் செய்து "உங்கள் பெண்ணிடம் ஏதோ மாற்றம் தெரிகிறது" என்று சொன்னால் என்னவாகும் என்பது உங்களுக்கே தெரியும். சில வீடுகளில் படிப்பே நின்றுபோகும். தவிப்பில் இருந்தும் பட்டியலில் வராத 8 பேரை, கணினியே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதால், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

மாணவிகளும் சும்மா இருக்கமாட்டார்கள். மெஸ் கார்டைத் தோழியிடம் கொடுத்துத் தேய்க்கச் சொல்வார்கள். கைபேசியை அறையில் வைத்துவிட்டு வெளியே போவார்கள். பிறகு தரவுக்கு என்ன மதிப்பு?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பயன்படுத்தத் தரும் ஒப்புதல் கட்டாயமின்றித் தரப்பட வேண்டும், கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. விடுதி விண்ணப்பத்தோடு வாங்கும் ஒப்புதலை அப்படிச் சொல்ல முடியுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அங்கே செலவிடுங்கள். தட்டில் போட்டதை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பெண் யார் என்று மெஸ்ஸில் பரிமாறும் அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும். அதை அவர் யாரிடம் சொல்வது என்பதற்குத்தான் ஏற்பாடு இல்லை.

கேள்வி: இரவில் மனம் கனக்கும்போது ஏ.ஐ. சாட்பாட்டிடம் பேசுகிறேன். தவறா? – இறுதியாண்டு மாணவர், மதுரை

தவறில்லை. 1966இல் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய 'எலைசா' என்ற எளிய உரையாடல் நிரலிடமே மக்கள் மனம்விட்டுப் பேசினார்கள். 'வோபாட்' என்ற மனநல சாட்பாட் செயலியை வைத்து 70 இளைஞர்களிடம் நடத்திய இரண்டு வார ஆய்வு 2017இல் வெளியானது. மனச்சோர்வு அறிகுறிகள் ஓரளவு குறைந்ததாக அது சொன்னது. அந்தச் செயலியே 2025 ஜூனில் மூடப்பட்டுவிட்டது. இன்று துணைக்கு இருக்கும் செயலி நாளை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பொதுப் பயன்பாட்டு பாட்கள் நாம் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடக்கூடியவை என்பதையும் மறக்க வேண்டாம். விடிகாலை இரண்டு மணிக்கு அது நல்ல குணம் அல்ல. மனத்தில் இருப்பதைக் கோவையாக எழுதிப் பார்க்க அதைப் பயன்படுத்துங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் உடனே ஒரு மனிதரிடம் பேசுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பிற்பகல் வகுப்பில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். கரியமில வாயு மானி வைத்தால் பயன் உண்டா? – உதவிப் பேராசிரியர், சென்னை

உண்டு. வளாகத்துக்கு வரும் கருவிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். யாருடைய அந்தரங்கத்தையும் எட்டிப் பார்க்காது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறுபது பேரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் அளவு வேகமாக ஏறும். ஆயிரத்தைத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தயிர்சாதத்தின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றில் பல, வேறு வாயுக்களை வைத்து ஊகிப்பவை. ஜன்னலுக்கு அருகிலோ யாருடைய மூச்சும் நேராகப் படும் இடத்திலோ வைக்காமல், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில் மாட்டுங்கள். எண் எல்லோர் கண்ணிலும் படட்டும். 1,200 என்று பார்த்தால் கடைசி பெஞ்சுக்காரரே எழுந்து ஜன்னலைத் திறப்பார்.

கேள்வி: மாணவர் நல நிதியில் சில லட்சங்கள் இருக்கின்றன. வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடிகளோடு தியான அறை அமைக்கலாமா? – மாணவர் பேரவை, திருநெல்வேலி

கண்ணாடிகளுக்கு இரண்டு மாதம் கூட்டம் வரும். பிறகு அவை பீரோவுக்குள் போகும். அதைவிட எளிய உதவியே பயன் தரும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016இல் 'பவுன்ஸ்' என்ற குறுஞ்செய்தி பாட் ஒன்றைத் தொடங்கியது. கட்டணம், உதவித்தொகை, படிவம் பற்றிய சந்தேகங்களுக்கு அது இரவிலும் பதில் சொன்னது. இடம் கிடைத்தும் சேராமல் நழுவிப்போகும் மாணவர்களின் விகிதம் 21.4 சதவீதம் குறைந்ததாகப் பல்கலைக்கழகம் தெரிவித்தது. நம் ஊரிலும் வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் அலுவலகக் கவுன்ட்டர்தான்: போனஃபைட் சான்றிதழ், ஸ்காலர்ஷிப், அரியர் கட்டணத்தின் கடைசித் தேதி. 'உங்கள் சான்றிதழ் தயார், மூன்றாம் எண் கவுன்ட்டரில் பெற்றுக்கொள்ளவும்' என்று ஒரு செய்தி வந்தால் போதும். மீதிப் பணத்தில், ஆலோசகரைப் பார்க்கக் கைபேசியிலேயே நேரம் பதிந்துகொள்ளும் வசதி செய்யுங்கள். 'மனநல ஆலோசனை மையம்' என்ற பலகையின் கீழ் வரிசையில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை.

கேள்வி: மகளுக்குத் தெரியாமல் அவள் போனில் இருப்பிடம் காட்டும் செயலி போடலாமா? – ஒரு தாய், சேலம்

கூடாதம்மா. கேட்டுப் பாருங்கள், அவளே பகிர்ந்தால் சரி.

கேள்வி: வளாகச் சாலைகளில், ஆபத்தில் பொத்தானை அழுத்தி உதவி கேட்கும் எஸ்.ஓ.எஸ். கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். நம்பலாமா? – ஆய்வு மாணவி, சிதம்பரம்

பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதியோடு, எந்த நாள் என்று சொல்லாமல், இரவு 11 மணிக்கு அழுத்திப் பாருங்கள். யார் எடுக்கிறார், எந்தக் கம்பம் என்று அவருக்குத் தெரிகிறதா, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். பருவத்துக்கு ஒருமுறை எல்லாக் கம்பங்களுக்கும் இதைச் செய்து, அந்தப் பட்டியலை நூலக வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.