வெளியே பனி, வீட்டுக்குள் எல்லாரும்: நாய் வளர்ப்போரின் கேள்விகளுக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்கள்

கனடாவில் டொராண்டோவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரியான ஒரு நாளைப் பற்றியவை. பாடசாலைப் பேருந்து ரத்து, பெற்றோருக்கு வீட்டிலிருந்தே வேலை, பிள்ளைகள் இரவு உடுப்போடு, நடுவே ஒரு நாய். 2022 ஜனவரி 17 நினைவிருக்கும். டொராண்டோவின் சில பகுதிகளில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்குப் பனி கொட்டியது. டான் வேலி பார்க்வே, கார்டினர் ஆகிய இரண்டு நெடுஞ்சாலைகளையும் மூடிவிட்டார்கள். அன்று என்னைத் தொலைபேசியில் அழைத்தவர்களில் குளிரில் நாய் விறைத்துவிட்டது என்று சொன்னவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். மற்ற அழைப்புகள் சமையலறையில் நடந்தவற்றையும் வாசலில் நடந்தவற்றையும் பற்றியவை. அதனால்தான் சில பதில்கள் நீண்டுவிட்டன.

எங்கள் ஷிட்சு காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. கதவைத் திறந்தால் பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடுகிறது. (மார்க்கம்)

அதன் உயரத்தில் நின்று பாருங்கள். உங்களுக்கு முழங்கால் வரை வரும் பனி அதற்குத் தலைக்கு மேலே நிற்கும் சுவர். வயிறு பனியில் உரசினால் எந்தச் சின்ன நாயும் போகாது. கதவிலிருந்து சுவரோரமாக ஒரு பாதை வெட்டி, அதன் முடிவில் ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்குப் புல் தெரியும்வரை பனியை வழித்துவிடுங்கள். வழக்கமாக அது மோப்பம் பிடிக்கும் பக்கமாக இருந்தால் நல்லது. நாய்க்கு இடத்தைச் சொல்வது மணம். பனி மூடியதும் அந்த மணம் போய்விடுகிறது. நீங்களும் கூடவே போய் நில்லுங்கள், இழுக்காதீர்கள், போனதும் அங்கேயே ஒரு தின்பண்டம் கொடுங்கள். முக்கினாலும் வரவில்லை என்றால் உடனே மருத்துவரை அழையுங்கள். முழுநாள் ஒரு சொட்டும் போகவில்லை என்றாலும் அழைக்க வேண்டும்.

இன்னொன்று. வழித்த பனியை வேலியோரம் குவிக்காதீர்கள். அது இறுகியதும் நாய்க்குப் படிக்கட்டு ஆகிவிடும். என் நாய் ஒருமுறை அப்படித்தான் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு முற்றத்தில் நின்றது.

பனி நாளென்றால் எங்கள் வீட்டில் பெரிய சமையல். ஆட்டிறைச்சிக் கறி, ரசம், பாயசம். பிள்ளைகள் மேசைக்குக் கீழே நாய்க்கு ஊட்டுகிறார்கள். கொஞ்சம் கொடுத்தால் என்ன? (ஸ்கார்பரோ)

அன்போடு கேட்கிறீர்கள், ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் சமையலில் நாய்க்கு ஆகாதவை ஒரே சட்டியில் சேர்ந்து நிற்கின்றன.

முதலில் பாயசம். அதில் போடும் உலர் திராட்சை, நம் வீடுகளில் பிளம்ஸ் என்கிறோமே, அது நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியது. ஒரு நாய் கைநிறையத் தின்று தப்பிவிடும், இன்னொன்று சில பழங்களிலேயே விழுந்துவிடும். எனவே ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று எந்த மருத்துவரும் அளவு சொல்ல மாட்டார். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று அண்மை ஆண்டுகளில் மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய உண்டு. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டது பதிவாகியிருக்கிறது. அதனால் ரசம், புளிக்குழம்பு, கரைத்து வைத்த புளி, சக்கை எல்லாம் நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம் வெங்காயமும் உள்ளியும் (பூண்டு). வதக்கினாலும் பொடியாக்கினாலும் அவற்றின் நஞ்சு போகாது. இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கெடுதல் அன்றே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, நாய் சோர்ந்து படுக்கும். கறியில் இறைச்சியைக் கழுவிக் கொடுத்தேன் என்று சிலர் சொல்வார்கள். குழம்பு இறைச்சிக்குள் ஊறியிருக்கும்போது கழுவி என்ன பயன்? பொரித்த ரோல்ஸ் பலகாரத்துக்குள்ளும் வெங்காயம்தான். வெந்த எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும். கொழுப்பு கூடினால் கணையம் வீங்கும்.

பிள்ளைகளின் பாடசாலைப் பையையும் அன்று உயரத்தில் மாட்டுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால், அரை மணி நேரத்துக்குள்ளேயே நாயின் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடலாம். சாக்லேட்டும் நாய்க்கு ஆகாது என்று உங்களுக்கே தெரியும்.

பிள்ளைகளுக்கு ஊட்டும் ஆசை இருந்தால் அதைத் தடுக்காதீர்கள். உப்பும் தூளும் போடும் முன்னரே கொஞ்சம் சோறு, அவித்த கோழித் துண்டு, கரட், பூசணி எடுத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அந்தக் கிண்ணத்திலிருந்து மட்டும் ஊட்டலாம் என்று சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

ஆகாததைத் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். வீதி மூடியிருந்தாலும் தொலைபேசி இருக்கிறது. உங்கள் மருத்துவரையோ 24 மணி நேர விலங்கு அவசர மருத்துவமனையையோ அழையுங்கள். கனடாவிலிருந்து பெட் பாய்சன் ஹெல்ப்லைன் என்ற விலங்கு நஞ்சு உதவிச் சேவையையும் அழைக்கலாம், கட்டணம் உண்டு. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்ற நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தால் நேரம் மிச்சம்.

நடந்துவிட்டு வந்ததும் பாதத்தை விடாமல் நக்குகிறது. விரலிடுக்கு சிவந்திருக்கிறது. (பிராம்ப்டன்)

காரணம், பனி உருக வீதியில் தூவும் உப்பு. வெடித்த பாதத்தில் அது எரியும், நக்கினால் வாந்தியும் வரும். வாசலில் ஒரு அகலப் பாத்திரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து, உள்ளே வந்ததும் நான்கு காலையும் முக்கி, விரலிடுக்கையும் வயிற்றையும் துடைத்துவிடுங்கள். விரலுக்கிடையே உருண்டு நிற்கும் பனிக்கட்டியைப் பிய்க்காதீர்கள், அந்தத் தண்ணீரிலேயே கரையும். பாதத்துக்கு நடுவில் வளர்ந்த முடியை வெட்டிவிட்டால் கட்டி பிடிப்பது குறையும். போகும் முன் பாத மெழுகு பூசலாம், நாய் சம்மதித்தால் நாய்களுக்கான சப்பாத்தும் (காலணி) போடலாம்.

உங்கள் வீட்டு முன் வாகனம் நிறுத்தும் ட்ரைவ்வேயில் உப்புக்குப் பதிலாக மணல் தூவுங்கள். ‘நாய்க்குப் பாதுகாப்பானது’ என்று எழுதி விற்கும் உப்புகள் பாதத்தை அவ்வளவு எரிக்காது, ஆனால் அவையும் வயிற்றுக்குள் போகும் பொருள் அல்ல. கராஜில் ஆன்டிஃப்ரீஸ் (வாகன என்ஜின் தண்ணீர் உறையாமலிருக்கச் சேர்க்கும் திரவம்) சிந்தியிருந்தால் இப்போதே எழுந்து போய்த் துடையுங்கள். அது இனிக்கும், நாய் நக்கும். சில மணி நேரத்துக்குள் மருந்து ஏற்றாவிட்டால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியாது.

எங்கள் ஹஸ்கி பனியிலேயே படுத்திருக்கிறது, கூப்பிட்டாலும் வருவதில்லை. கொடுமை செய்கிறோமா? (அஜாக்ஸ்)

இல்லை. அதற்கு இரண்டடுக்கு உரோமம், முதுகில் விழும் பனி கரையாமல் நிற்பதே உடல் சூடு வெளியேறவில்லை என்பதற்குச் சாட்சி. நடுங்கினாலோ மாறி மாறிக் கால் தூக்கினாலோ நீங்களே போய் உள்ளே கொண்டுவாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். நாய் என்றால் பயம். பனி நாளில் இரண்டு அறை வீட்டுக்குள் எல்லாரும் எப்படி இருப்பது? (ஸ்கார்பரோ)

இந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். தெருநாய் துரத்திய ஊரில், விசர் நாய்க் கடிக்குப் பயந்து வளர்ந்தவருக்கு இந்தப் பயம் நியாயமானது. ‘ஒன்றும் செய்யாது அம்மா’ என்று சொல்லி நாயை அவர் மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அவருக்கு ஒரு அறை, வாசலில் சிறு பிள்ளைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு. சாமி கும்பிடும் இடம் நாய் போகாத இடமாகவே இருக்கட்டும். நாய்க்கும் ஒரு மூலை வேண்டும், அங்கே யாரும் போகக்கூடாது. அன்று பிற்பகல் நாயைக் கழுத்துவாரில் பிடித்துக்கொண்டு தூரத்தில் உட்கார வையுங்கள். அம்மா விரும்பினால் மட்டும், அங்கிருந்தே ஒரு துண்டு பிஸ்கட்டை அதை நோக்கி எறியட்டும். தானாக அவரே இரண்டாவது துண்டு கேட்டால் நல்ல அறிகுறி. கேட்காவிட்டாலும் குறையில்லை.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது வேறு. சிறு பிள்ளைகளைக் கடிக்கும் நாய் பெரும்பாலும் பழகிய நாய்தான். நாள் முழுக்கக் கட்டிப் பிடித்தால் எந்த நாய்க்கும் பொறுமை தீரும். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் உறுமும். உறுமியதற்கு அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

மாலை நான்கு மணிக்கெல்லாம் சோபாவைக் கடிக்கத் தொடங்கிவிடுகிறது. (பிக்கரிங்)

கால் ஓடவில்லை என்றால் மூக்கு ஓடட்டும். பழைய துவாயில் அதன் இரவு உணவைத் தூவிச் சுருட்டிக் கொடுங்கள். வெற்று அட்டைப் பெட்டிகளில் ஒன்றில் மட்டும் தின்பண்டம் ஒளித்து வையுங்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத் தேடலுக்குப் பிறகு பல நாய்கள் தாமாகப் போய்ப் படுத்துவிடும். படியில் பந்து எறிய வேண்டாம், முழங்கால் தசைநார் கிழிந்துவிடலாம்.

புயல் அன்று நாய் சோர்ந்து படுத்தது, எங்களுக்கும் தலைவலி. காய்ச்சல் பரவுகிறதா? (விட்பி)

அடுத்த முறை இப்படி ஆனால் காய்ச்சல் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். நாயோடு எல்லாரும் உடனே வெளியே போய் அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். வீட்டைச் சூடாக்கும் புதிய ஃபர்னஸ்களின் புகைக்குழாய் வீட்டின் பக்கச் சுவரில் தாழ்வாக இருக்கும். பனி அதை மூடினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாயாலும் அதை மோப்பம் பிடிக்க முடியாது. எச்சரிக்கைக் கருவியில் மின்கலம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பனி கொட்டும்போது நாய்க்குப் பாதை வெட்டப் போகிறீர்கள் அல்லவா, அந்தக் குழாயைச் சுற்றியும் வழித்துவிட்டு வாருங்கள்.