சிடிஎன்ஏ வரிசை தெரிந்த பிறகும் என்சைம் மரபணுவின் அமைப்பை ஏன் வரைய வேண்டும்?

சிடிஎன்ஏ வரிசையிலிருந்தே புரதத்தின் அமினோ அமிலங்கள் அத்தனையும் தெரிந்துவிடுமே, அப்புறம் மரபணு வரைபடம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் சிடிஎன்ஏ, இன்ட்ரான்களை (மரபணுவின் நடுவே வரும், புரதத்துக்குப் பயன்படாத பகுதிகளை) நீக்கி முடித்த எம்ஆர்என்ஏவின் (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவின்) டிஎன்ஏ நகல். எங்கே வெட்டு விழுந்தது, எவ்வளவு போயிற்று என்பதற்கு அதில் தடயமே இருக்காது.

எனக்குப் பிடித்த உதாரணம், செல்லில் பியூரின்களை (டிஎன்ஏ, ஆர்என்ஏவுக்குத் தேவையான ஒரு வகை மூலப்பொருள்களை) மறுபடி பயன்படுத்த உதவும் எச்பிஆர்டி என்சைம். மனிதரில் இதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. புரதத்துக்கான டிஎன்ஏ எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி) 657தான். அவை 9 எக்ஸான்களாகப் (எம்ஆர்என்ஏவில் தங்கும் துண்டுகளாக) பிரிந்து சுமார் 40,000 எழுத்து நீளத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது!

1980களில் இதை வரைய, ஒன்றன்மேல் ஒன்று படியும் ஃபேஜ் குளோன்களை (வைரஸுக்குள் வைத்துப் பெருக்கிய டிஎன்ஏ துண்டுகளை) தேடிப் பிடித்து, டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் இகோஆர்1, பாம்எச்1 போன்ற என்சைம்களால் வெட்டி, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சதர்ன் பிளாட்டில் எந்தத் துண்டில் சிடிஎன்ஏ ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. எச்பிஆர்டியின் 5ஆவது எக்ஸான் வெறும் 18 எழுத்து. அவ்வளவு சின்னத் துண்டில் சிடிஎன்ஏ உறுதியாக ஒட்டாது, பிளாட்டில் தென்படாமலே போகலாம். அதனால் எல்லைகளை வரிசைப்படுத்தித்தான் உறுதிசெய்ய வேண்டும்: இன்ட்ரான் பெரும்பாலும் ஜிடியில் தொடங்கி ஏஜியில் முடியும். இன்ட்ரானே இல்லாத போலி மரபணுக்கள் (மரபணுவின் வேலை செய்யாத நகல்கள்) வேறு குரோமோசோம்களிலிருந்து பிளாட்டில் எட்டிப் பார்ப்பது இன்னொரு தொல்லை. எக்ஸில் உள்ள மரபணு என்பதால் இங்கே ஒரு வழி இருக்கிறது: உண்மையான பட்டை ஆணின் டிஎன்ஏவைவிடப் பெண்ணின் டிஎன்ஏவில் இரு மடங்கு அழுத்தமாக விழும்.

மரபணுவின் முன்பகுதியும் சிடிஎன்ஏவில் வராது. எச்பிஆர்டியின் புரமோட்டரில் (மரபணுவை வாசிக்கத் தொடங்க வைக்கும் முன்பகுதியில்) வழக்கமான டாட்டா பெட்டி என்ற குறுகிய எழுத்து வரிசை கிடையாது, ஜி, சி எழுத்துகள்தான் மண்டிக் கிடக்கின்றன. எல்லாச் செல்களிலும் வேலை செய்யும் பல மரபணுக்களில் இதைப் பார்க்கலாம்.

நோய் என்று வரும்போதுதான் வரைபடத்தின் அருமை முழுதாகப் புரியும். எச்பிஆர்டி செயலிழந்தால் லெஷ்-நைஹன் நோய்க்குறி என்ற அரிய மரபு நோய் வருகிறது. சில நோயாளிகளில் புரதத்துக்கான எழுத்துகள் அப்படியே இருக்கும்; இன்ட்ரானின் விளிம்பில் ஒரே எழுத்து மாறியதால் ஒரு எக்ஸான் முழுதும் விடுபட்டிருக்கும். 5ஆவது விடுபட்டால் ஆறு அமினோ அமிலங்கள் மட்டும் குறையும், மீதி வரிசை குலையாது. 7ஆவதில் 47 எழுத்துகள், மூன்றால் வகுபடாது. அது விடுபட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தப்பாகவே வாசிக்கப்படும்.