ஒமெத்தெப்பே கிராமத்துக்குத் தண்ணீர்த் தொட்டி: புதுச் சங்கம் எதற்கு?

கேள்வி: நாங்கள் சியாட்டிலில் வசிக்கிறோம். போன டிசம்பரில் மூன்று குடும்பங்களாக நிகராகுவாவின் ஒமெத்தெப்பே தீவுக்குப் போனோம். அங்கே மதேராஸ் எரிமலை அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் வறண்ட மாதங்களில் குழாயில் தண்ணீரே வராதாம். தொட்டி கட்டித் தர ஆசை. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர், "முதலில் ஊர் பெயரில் ஒரு சங்கம் பதிவு செய்ய வேண்டும், 3,000 டாலர் அனுப்புங்கள், நகராட்சியில் எனக்கு ஆள் இருக்கிறது" என்கிறார். அனுப்பலாமா? வரிச்சலுகை கிடைக்குமா?

பதில்: அனுப்பாதீர்கள். வரிச்சலுகையும் கிடைக்காது.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்க வருமான வரிக் கணக்கில் நன்கொடை என்று காட்ட வேண்டுமானால், பணம் அமெரிக்காவில் அமைந்த, தகுதி பெற்ற அறக்கட்டளைக்குப் போயிருக்க வேண்டும். நிகராகுவாவில் பதிவான சங்கத்துக்கோ, வழிகாட்டியின் கணக்குக்கோ நேராக அனுப்பினால் அது வெறும் அன்பளிப்புதான். அறக்கட்டளை வழியாகக் கொடுக்கும்போதும் ஒரு விஷயம் உண்டு. பணத்தை எங்கே, எப்படிச் செலவிடுவது என்கிற முடிவு அவர்கள் கையில் இருக்க வேண்டும். "நீங்கள் கொடுப்பதை ஒரு டாலர் குறையாமல் அந்த ஊருக்கே அனுப்பிவிடுகிறோம்" என்று உடனே தலையாட்டுகிறார்களா? கவனம். "ஊரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று இழுப்பவர்களிடம் தைரியமாகக் கொடுக்கலாம்.

இனி அந்த 3,000 டாலர். உள்ளூர்க்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை, நல்லவராகவே இருக்கலாம். ஆனால் "பதிவு, கையெழுத்து, எனக்கு ஆள் இருக்கிறது" என்ற பேச்சோடு வருபவர்களை எல்லா ஊரிலும் பார்த்துச் சலித்துவிட்டேன். தொட்டிக்குச் செங்கல் வாங்குவதற்கு முன்பே காகிதத்துக்குப் பணம் கேட்பார்கள். ஆறு மாதம் கழித்து "சட்டம் மாறிவிட்டது, இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்று செய்தி வரும். எரிச்சல் என்னவென்றால், நிகராகுவாவில் அது பாதி நேரம் உண்மையாகவே இருக்கும்!

வெளிநாட்டுப் பணம் வாங்குபவர்கள் அரசிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்கிற வெளிநாட்டு முகவர் சட்டம் 2020-இல் வந்தது. 2022-இல் தொண்டு அமைப்புகளுக்கென்று தனிச் சட்டம். 2024 ஆகஸ்டில் ஒரே அறிவிப்பில் 1,500 அமைப்புகளை மூடினார்கள். இனி தொண்டு அமைப்புகள் அரசு அமைப்புகளோடு கூட்டுச் சேர்ந்துதான் வேலை செய்யலாம் என்ற விதியும் அதே மாதம் வந்தது. 2018-இலிருந்து கணக்கெடுத்தால் மூடப்பட்டவை 5,000-ஐத் தாண்டும். அவற்றில் பலவற்றின் சொத்தும் அரசிடம் போய்விட்டது. இந்த நிலையில் வெளிநாட்டுப் பணத்தை நம்பி புதிதாகச் சங்கம் தொடங்கச் சொல்வது, அந்த ஊர்க்காரர்களின் பெயரை நாமே கொண்டுபோய் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொடுப்பதற்குச் சமம். நீங்கள் சியாட்டிலில் இருப்பீர்கள். அதிகாரி வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

சரி, பிறகு யாரிடம் போவது? தொட்டி, குழாய் என்றால் வழி ஏற்கெனவே இருக்கிறது. நிகராகுவாவின் கிராமங்களில் குடிநீர்க் கமிட்டிகள் உண்டு. அவற்றின் ஸ்பானிஷ் பெயரைச் சுருக்கி 'காப்ஸ்' என்பார்கள். 2010-இல் வந்த 722-ஆம் எண் சட்டம் அவற்றுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது. ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் வசூலித்து, குழாய் உடைந்தால் ஆள் வைத்துச் சரி செய்கிற கமிட்டி. அந்தக் கிராமத்தில் குழாய் இருக்கிறது என்றால் கமிட்டியும் பெரும்பாலும் இருக்கும். உங்கள் வழிகாட்டி அதைப் பற்றி வாய் திறக்காதது எனக்கு உறுத்துகிறது.

கமிட்டியிடம் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன், மாத வசூல் எவ்வளவு, போன மழைக்காலத்தில் குழாய் எங்கே உடைந்தது, யார் சரி செய்தார்கள் என்று கேளுங்கள். மதேராஸ் சரிவு சாதாரண மலை இல்லை. எரிமலை மண் மழையில் அப்படியே சேறாக இறங்கும். 1996 செப்டம்பரில் அப்படி இறங்கிய சேற்று வெள்ளம் எல் கொரோசால் கிராமத்தில் ஆறு பேரைக் கொன்றது. ஊற்றிலிருந்து இறங்கும் குழாய் அந்தச் சரிவில் வருகிறதென்றால் அடிக்கடி உடையத்தான் செய்யும். தொட்டிக்குப் பெயர்ப்பலகை வைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஆள் வருவார்கள், பிவிசி இணைப்புக்கும் வால்வுக்கும் காசு கொடுக்க யாரும் வருவதில்லை. உங்கள் தொகையில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் ஊருக்கு எதிரிலேயே ஒரு வழி இருக்கிறது. படகேறினால் எட்டிவிடும் பெய்ன்பிரிட்ஜ் தீவுக்காரர்கள் 1986-இலிருந்து ஒமெத்தெப்பேயோடு சகோதரத் தீவு உறவு வைத்திருக்கிறார்கள். அங்கே விளையும் காபியை இங்கே விற்று, வரும் பணத்தைத் தீவின் திட்டங்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். முதலில் அவர்களிடம் பேசுங்கள், இன்றைய விதிகளுக்குள் எது நடக்கும் எது நடக்காது என்று கேளுங்கள்.

காபி என்றதும் எல்லோரும் கேட்கிற ஒன்று. "காபி வாங்கினால் அதையும் நன்கொடையாகக் காட்டலாமா?" காட்ட முடியாது. 15 டாலர் பெறும் பொட்டலத்தை 15 டாலருக்கு வாங்கினால் நீங்கள் வாடிக்கையாளர், அவ்வளவுதான். லாபம் முழுக்கத் தர்மத்துக்குப் போனாலும் சரி. அதே பொட்டலத்துக்கு, நன்கொடை என்று தெரிந்தே 40 டாலர் கொடுத்தால் மீதி 25 மட்டும் நன்கொடை. பத்துப் பொட்டலம் வாங்கி நண்பர்களுக்குக் கொடுத்தாலும் கணக்கு இதேதான். பொட்டலத்தின் மேல் குழந்தைகள் படம் இருப்பதால் விதி மாறாது. இதை ஒவ்வொரு ஏப்ரலிலும் யாருக்காவது விளக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலோர் நன்கொடைகளைத் தனித்தனியாகக் காட்டாமல், எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்தான் எடுக்கிறார்கள், 2025-ஆம் ஆண்டுக் கணக்கு வரை அந்த ரசீதால் அவர்களுக்குப் பெரிய லாபமும் இருக்கவில்லை என்பது வேறு கதை.

வழிகாட்டியை என்ன செய்வது? பகைத்துக்கொள்ள வேண்டாம். கமிட்டியோடு பேசும் நாளில் மொழிபெயர்க்க அவரையே கூப்பிடுங்கள், அதற்கு நியாயமான கூலி கொடுங்கள். பேசியது அனைத்தும் ஸ்பானிஷில் ஒரு தாளில் எழுதப்பட்டு, கமிட்டிக்காரர்கள் கையெழுத்திட்டு, அந்தப் பகுதியின் அல்தாகிராசியா நகராட்சிக்கும் ஒரு பிரதி போகட்டும். அதற்குப் பிறகும் சங்கம் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அவர் நின்றால், அந்தப் பணம் யார் பெயரில், எந்த அலுவலகத்தில், எந்த ரசீதுக்குக் கட்டப்படுகிறது என்று கேளுங்கள். ரசீது வராது.