சிறுநீரகம் கொடுத்தவருக்குப் பத்து நாள் லீவு போதுமா?

"அம்மாவுக்குச் சிறுநீரகம் கொடுக்கப் போகிறேன். பத்து நாள் லீவு போட்டால் போதுமா, உடம்பு எப்போது பழையபடி ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். நின்று, குனிந்து, தூக்கிச் செய்கிற வேலை என்றால் இரண்டு மூன்று மாதம். அசதி முழுதாகப் போக அதற்கு மேலும் ஆகலாம். லீவு கடிதத்தை இந்தக் கணக்கில் எழுதுங்கள்.

நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். 2022 ஜூன் மாதம் என் தம்பிக்கு இடது சிறுநீரகத்தைக் கொடுத்தேன். அப்போது எனக்கு 42 வயது. இப்படியெல்லாம் எழுதினால் கொடுக்க வருகிறவர்களும் பயந்து ஓடிவிடுவார்கள் என்று யாராவது கோபப்படலாம். அந்த நாள் திரும்பி வந்தாலும் நான் அதே கையெழுத்தைத்தான் போடுவேன். ஆனால் எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்கிற வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில்தான் எடுக்கிறார்கள். எனக்கு மூன்று சின்னத் துளைகள், அடிவயிற்றில் மூன்று அங்குலத்துக்கு ஒரு வெட்டு. இடது பக்கத்து ரத்தக்குழாய் நீளமாக இருப்பதால் தம்பி உடம்பில் இணைக்கச் சுலபம், அதனால் இடதுதான் என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்ததும் வயிறுதான் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். தோள்பட்டை வலித்தது, கழற்றி எடுப்பது போல. நெஞ்சில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் மணியை அழுத்தினேன். அறுவையின்போது வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது, அந்த வலிதான் தோளில் தெரிகிறது என்று நர்ஸ் சொன்னார். எழுந்து நடக்க நடக்க மூன்றாம் நாள் போய்விட்டது. இருமல் வந்தால்தான் உயிர் போகும். ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். அந்தத் தலையணையை ஐந்தாம் நாள் வீட்டுக்கு வரும்போது காரிலும் மடியில் வைத்திருந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் தம்பி அவனுடைய தனி அறையிலிருந்து வீடியோ கால் செய்தான். இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் என்று அளந்து குடித்தவன். போனைத் திருப்பிச் சிறுநீர்ப் பையைக் காட்டினான். "அக்கா, பாருக்கா, எவ்வளவு வருதுன்னு." அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரை என் கண் முன்னால் மடமடவென்று குடித்தான். இரண்டு பேரும் அழுதோம். அழுதால் வயிறு இழுத்தது, அதனால் நான் சீக்கிரம் நிறுத்திக்கொண்டேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவன் நோயாளியாக உள்ளே போனான், அன்றிலிருந்து நாளுக்கு நாள் தெளிந்தான். நான் நல்ல உடம்போடு உள்ளே போய் நோயாளியாக வெளியே வந்தேன். வீட்டில் எல்லோர் கண்ணும் அவன் மேல். எங்கள் அம்மா, "கண்ணு, தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோயிட்டு வந்துடறேன், நீ சித்தே படுத்திரு" என்று கிளம்பிவிடுவார். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் மகள் பிறந்தபோதும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் அறுத்தார்கள். அப்போது நாற்பது நாள் கீழே இறங்க விடவில்லை, பூண்டுக் குழம்பும் வெந்நீருமாகப் பார்த்தார்கள். சிறுநீரகம் கொடுத்தவளுக்கு எத்தனை நாள் என்று எங்கள் ஊரில் ஒரு கணக்கும் கிடையாது. மத்திய அரசு ஊழியர் உறுப்பு தானம் செய்தால் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு என்று 2023-இல் கொண்டுவந்தார்கள். எனக்கோ வேலைக்குப் போனால்தான் சம்பளம்.

அதனால் ஐந்தாவது வாரமே கம்பெனிக்குப் போனேன். அது என் தப்பு. முதல் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் சரக்கு அவசரம். கிட்டத்தட்ட எட்டுக் கிலோ இருக்கும் ஒரு பண்டலை டேபிள் மேல் தூக்கி வைத்தேன். அடிவயிற்றில் சுருக்கென்றது. ராத்திரிக்குள் தையல் போட்ட இடம் வீங்கிவிட்டது. குடல் இறங்கியிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, அது இல்லை. ஆறு வாரத்துக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லையா என்று டாக்டர் திட்டினார். படித்தேன். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிற தெருவில் குடத்தை யார் தூக்குவது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். அந்த நாட்களில் காரணமே இல்லாமல் மனசு வெறிச்சென்று கிடக்கும். உங்களுக்கும் அப்படி வந்தால் பயப்படாதீர்கள், டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூடப்பிறந்தவர்கள் சட்டப்படி நெருங்கிய உறவு. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால், அவள் சுய விருப்பத்தோடுதான் வந்திருக்கிறாளா என்பதை வாங்குகிறவர் அல்லாத ஒருவர் மூலம் உறுதிசெய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் என்னிடம் கேட்டது என் கணவரின் சம்மதக் கையெழுத்து. அவர் அவருடைய வீட்டில் கேட்டு, அவர்கள் ஜாதகம் பார்த்து, மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தில் தம்பிக்கு ஒன்பது டயாலிசிஸ். கணவரின் சம்மதம் சட்டத்தில் தேவையில்லை என்று அதே 2022-இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னதைப் பிறகுதான் படித்தேன். என் உடம்பு, என் தம்பி. இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மிச்சமிருக்கும் சிறுநீரகம் கொஞ்சம் பெரிதாகிக் கூடுதலாக வேலை செய்யும். இரண்டும் சேர்ந்து செய்ததில் ஏறக்குறைய 70 சதவீதம் வரை அது ஒன்றே செய்துவிடும். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, கூடித்தான் தெரியும். எனக்கு 0.7 இருந்தது 1.2 ஆகி, இப்போது 1.0-இல் நிற்கிறது. பக்கத்து கிளினிக்கில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பயமுறுத்தினார்கள். கொடுத்தவள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெடிக்கலிலும் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அவை நமக்கு ஆகாது. வருடம் ஒருமுறை ரத்தம், சிறுநீர், பிரஷர் பார்ப்பதை விடாதீர்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். உங்களுக்கென்று ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். எனக்கு மகள் இருந்தாள், பத்தாவது பரீட்சை முடிந்த லீவு. பன்னிரண்டாம் நாள் முக்காலியில் உட்கார வைத்து, தையல் மேல் பிளாஸ்டிக் கவர் ஒட்டி, தலைக்கு ஊற்றிவிட்டாள். கட்டிலில் எப்படி எழுவது என்றும் அவள்தான் நர்ஸிடம் கேட்டு வந்து சொல்லிக் கொடுத்தாள். நேராக எழக் கூடாது. உங்களுக்கும் இடது பக்கம் எடுத்தால், வலது பக்கம் ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, வலது முழங்கையை ஊன்றி எழுந்திருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே வீட்டுக் கட்டிலை அந்தப் பக்கம் இறங்குகிற மாதிரி நகர்த்திப் போட்டுவிடுங்கள்.