வாசகர் கேள்வி: விதைநெல்லை விற்ற அணிகள்

கேள்வி: விடியற்காலையில் எழுந்து அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்க்கும் நண்பர்கள் நாங்கள். மூன்று நட்சத்திர வீரர்கள் ஓர் அணியில் சேர்ந்துவிட்டால் கோப்பை உறுதி என்கிறான் ஒருவன். சேர்ந்தால் சண்டைதான் மிஞ்சும் என்கிறான் மற்றொருவன். யார் சொல்வது சரி, ஐயா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: இரண்டாமவர் தோற்றுவிட்டார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2010-ல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் மயாமி ஹீட் அணிக்கு வந்து டுவைன் வேடுடன் சேர்ந்தார்கள். நான்கு ஆண்டுகளும் இறுதிச் சுற்றுக்குப் போன அந்த அணி 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது. ஆனால் முதலாமவரும் வென்றதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் புரூக்ளின் நெட்ஸின் கதை இருக்கிறது.

என்.பி.ஏ.வில் புதிய வீரர்களை ஐ.பி.எல். போல ஏலத்தில் எடுப்பதில்லை. ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. அதிகம் தோற்ற அணிகள் பொதுவாக வரிசையில் முன்னால் நிற்கும். ஓர் அணி தனக்கு வரவிருக்கும் அந்தத் தேர்வு முறையை முன்கூட்டியே வேறு அணிக்குக் கொடுத்தும் வீரர்களை வாங்கலாம். 2013-ல் நெட்ஸ் அதைத்தான் செய்தது. பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் வாங்குவதற்காக, 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்று முறைகளையும், 2017-ல் பாஸ்டன் விரும்பினால் இரு அணிகளின் முறைகளை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது. தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரில் விவசாயம் பார்த்த குடும்பத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த பருவமான பிசானத்துக்கு வைத்திருந்த விதைநெல்லை, நெட்ஸ்காரர்கள் கார் சாகுபடியின்போதே குத்திப் பொங்கிவிட்டார்கள். கிடைத்தது, லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய பிளேஆஃபில் ஒரே ஒரு சுற்று வெற்றி. அடுத்த ஆண்டே பியர்ஸ் போய்விட்டார். பாஸ்டனோ வந்த விதையை விதைத்து ஜேலன் பிரவுனையும் ஜேசன் டேட்டமையும் வளர்த்து, அவர்களை வைத்தே 2024-ல் கோப்பையை வென்றது.

பட்ட பிறகாவது புத்தி வந்ததா என்றால், அதுவும் இல்லை. 2019-ல் கெவின் டுராண்டும் கைரி இர்விங்கும் தாமாகவே நெட்ஸுக்கு வந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். 2021 ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டனுக்காக ஹியூஸ்டன் அணியிடம் முதல் சுற்று முறைகள் மூன்றையும் மாற்று உரிமைகள் நான்கையும் மறுபடி தூக்கிக் கொடுத்தார்கள். லீக் ஆட்டங்களில் அந்த மூவரும் சேர்ந்து களமிறங்கியவை வெறும் 16. 2023 பிப்ரவரிக்குள் மூவரும் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். நம் பக்கத்து உள்ளூர்ப் போட்டிகளில் இறுதியாட்டத்துக்கென்று வெளியூர் ஆட்டக்காரர்களை இறக்கும் அணிகளை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஜெயித்துக் கொடுத்த நாள்களும் உண்டு, ஆனால் மறு வருடம் அந்த அணியில் பந்தைத் தட்டத் தெரிந்த உள்ளூர்ப் பையன் ஒருவனும் இருப்பதில்லை.

கேள்வி: வளர்த்த அணியை விட்டு நட்சத்திர வீரர் விலகிப் போவது துரோகமல்லவா?
(கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: அப்படியானால், வீரர் கேட்காமலேயே அவரை அனுப்பிவிடும் அணிக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? 2024-ல் டாலஸ் மாவெரிக்ஸை இறுதிச் சுற்றுவரை கொண்டுபோன லூகா டான்சிச்சை, அடுத்த பிப்ரவரியிலேயே அந்த அணி லேக்கர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. 2016-ல் டுராண்ட் செய்தது எனக்கும் பிடிக்கவில்லை. தம் ஓக்லஹோமா அணியை அரையிறுதி நிலையில் வீழ்த்திய, அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் அணியிலேயே போய்ச் சேர்ந்தார். அது ரசனைக் குறைவு. ஒப்பந்தக் காலம் முடிந்து போனவரைத் துரோகி என்பது மட்டும் அதிகம்.

ஒப்பந்தம் முடியுமுன்னே மாற்றிவிடச் சொல்லி அடம்பிடிப்பது வேறு வகை. அதிலும் அணிக்கு நட்டம்தான் வரும் என்பதில்லை. 2019-ல் பால் ஜார்ஜ் கிளிப்பர்ஸ் அணிக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது, ஓக்லஹோமா சிட்டி தண்டர் நிர்வாகம் அழுது புலம்பவில்லை. அவருக்கு ஈடாக ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் என்ற இளைஞரையும், முதல் சுற்று முறைகள் ஐந்தையும் கேட்டு வாங்கிக்கொண்டது. அதன்பின் 2020-21-ல் 22 ஆட்டங்களிலும், மறு பருவத்தில் 24 ஆட்டங்களிலும் மட்டுமே வென்று, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. 2024-25-ல் 68 வெற்றிகளும் கோப்பையும் வந்தன.

கேள்வி: அப்படியானால் வேண்டுமென்றே தோற்று, டிராஃப்டில் முதலிடம் பிடிப்பதுதானே புத்திசாலித்தனம்?
(வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: பிலடெல்பியா அணி அப்படித்தான் கணக்குப் போட்டது. 2015-16-ல் 10 வெற்றிகள், 72 தோல்விகள். ஜோயல் எம்பீட் என்ற மாபெரும் வீரர் கிடைத்தார் என்பது உண்மைதான், ஆனால் அவர் வந்த பின் 2025 வரை பிளேஆஃபின் இரண்டாம் சுற்றை அந்த அணி தாண்டியதேயில்லை. தோற்பதற்குப் பழகிய அணிக்கு ஜெயிக்கப் பழகுவது எளிதன்று.

மேலும், முதலிடம் குலுக்கலில்தான் கிடைக்கும். 1985-ல் தொடங்கிய இந்தக் குலுக்கலின் விதியை 2019-ல் மாற்றி, கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிட வாய்ப்பு தலா 14 விழுக்காடு என்று வைத்தார்கள். 2023-24-ல் தொடர்ச்சியாக 28 ஆட்டங்களில் தோற்று எல்லாருக்கும் கடைசியில் நின்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்குக் கிடைத்தது டிராஃப்டில் ஐந்தாவது இடம். முந்தைய ஆண்டும் லீக்கில் அதே கடைசி இடம், டிராஃப்டில் அதே ஐந்தாவது இடம்.

கேள்வி: டான்சிச்சை அனுப்பிய டாலஸுக்கு, 1.8 விழுக்காடே வாய்ப்பிருந்தும் 2025-ல் டிராஃப்டின் முதலிடமும் கூப்பர் பிளாக் என்ற இளம் வீரரும் கிடைக்கவில்லையா? எல்லாம் அதிர்ஷ்டம்தானே?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: குலுக்கல் அதிர்ஷ்டம்தான், ஆளைப் பார்த்து எடுப்பது அதிர்ஷ்டமன்று. கோல்டன் ஸ்டேட் நட்சத்திரங்களில் ஸ்டீபன் கரி ஏழாவதாகவும், டிரேமண்ட் கிரீன் 35-ஆவதாகவும் எடுக்கப்பட்டவர்கள். தண்டரின் ஜேலன் வில்லியம்ஸ், கிளிப்பர்ஸிடமிருந்து வந்த முறையில் 12-ஆவதாக வந்தவர். 2023-ல் டென்வருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த நிகோலா யோகிச்சை 2014-ல் 41-ஆவதாக எடுத்தார்கள். அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நேரத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.