“நாங்களும் இப்படித்தானே வளர்ந்தோம்?”: குழந்தைப் பாதுகாப்பு கேள்வி பதில்

குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தேன். இப்போது பெற்றோருக்கு முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் இரண்டு பேரன்களின் தாத்தா. சீட் பெல்ட், ஹெல்மெட் எதுவும் இல்லாமல்தான் நாங்கள் வளர்ந்தோம். நன்றாகத்தானே இருக்கிறோம்? இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறார்களே?

நன்றாக இருப்பவர்கள்தானே ஐயா இந்தக் கேள்வியைக் கேட்க முடியும்! உங்களோடு படித்த பிள்ளைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தண்ணீரில் போன ஒரு பெயர், தீயில் போன ஒரு பெயர் அநேகமாக ஞாபகம் வரும். அன்று அதை ‘விதி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம். மாறியது முக்கியமாக இந்த எண்ணம்தான். பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜே, தன் பக்கங்களில் ‘விபத்து’ என்ற சொல்லையே தவிர்ப்பதென்று 2001இல் முடிவு செய்தது. அந்தச் சொல்லில் ‘தற்செயல், தடுக்க முடியாதது’ என்ற தொனி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மரம் ஏறுவது பற்றிக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், அங்கே உங்கள் கட்சிக்கு வருகிறேன்.

கேள்வி: அக்கா, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதாதா? பூட்டு, கம்பி எல்லாம் சோம்பேறி அம்மாக்களுக்குத்தான் என்கிறார் என் மாமியார்.

யாராலும் நாள் முழுக்கக் கண்ணை எடுக்காமல் இருக்க முடியாது. உங்கள் மாமியாராலும் முடிந்திருக்காது. என் மகனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, கதவைத் திறக்க எழுந்து போனேன். திரும்பி வந்தால் அவன் பாதி நிறைந்த வாளிக்குள் குனிந்து கிடக்கிறான், கால் தரையில் இல்லை. சத்தமே இல்லை. அந்த வயதில் உடம்புக்குத் தலைதான் பாரம், கவிழ்ந்தால் தானாக நிமிர வராது. மூழ்கும் குழந்தை கத்தும் என்று நம்பாதீர்கள், மூச்சே இல்லாதபோது எதை வைத்துக் கத்தும்? எனக்கு அன்று தேவைப்பட்டது இன்னொரு ஜோடி கண் இல்லை, கவிழ்த்து வைத்த வாளி.

நியூயார்க்கில் 1970களின் தொடக்கத்தில் மாடி ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்துகொண்டே இருந்தார்கள். நகரச் சுகாதாரத் துறை ஜன்னல்களுக்கு இலவசமாகத் தடுப்புக் கம்பி கொடுத்தது. 1976இல் சின்னக் குழந்தைகள் இருக்கும் குடியிருப்புகளில் கட்டட உரிமையாளரே பொருத்த வேண்டும் என்றும் ஆனது. விழுவது வெகுவாகக் குறைந்தது. அம்மாக்கள் திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டார்களா என்ன? அழுத்தித் திருகும் மருந்துப் புட்டி மூடியின் கதையும் இதேதான். 1960களில் கனடாவில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர், மாத்திரை விழுங்கிய பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்க் கொண்டுவந்த ஏற்பாடு அது.

கேள்வி: பட்டன் பேட்டரிக்கு ஏன் இத்தனை பயம்? நாணயம் விழுங்கினால் தானாக வந்துவிடுகிறதே?

நாணயத்தில் மின்சாரம் இல்லை. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரி சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கும். ஈரமான தசை இரு பக்கமும் தொட்டதும் மின்னோட்டம் ஆரம்பித்து, அந்த இடத்தில் சதையை அரிக்கும் காரம் (ஆல்கலி) உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள் குழாய் வெந்துபோகலாம். பேட்டரி ஒழுகவே தேவையில்லை. ரிமோட்டுக்குப் போதாது என்று கழற்றி வைத்த ‘தீர்ந்துபோன’ பேட்டரியிலும் இதற்கு வேண்டிய மின்சாரம் மிச்சமிருக்கும்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், முதலில் குழந்தை சாதாரணமாக விளையாடிக்கொண்டிருக்கும். அப்புறம்தான் எச்சில் வழியும், சாப்பிட மறுக்கும், இருமும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடும் கொடுக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய, விழுங்கச் சிரமப்படாத குழந்தையாக இருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால், போகும் வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு முறை. அது வேகும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தேன் தேடிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள்.

கேள்வி: சக்கரம் வைத்த வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். சீக்கிரம் நடக்கவும் உதவாது, படிக்கட்டில் உருண்டால் தலைதான் அடிபடும். கனடா 2004இல் விற்பனையையே தடை செய்துவிட்டது.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. மரம் ஏற ஆசைப்படுகிறாள். நான் விடலாம் என்கிறேன், என் மனைவி கூடாது என்கிறாள். யார் பக்கம் தீர்ப்பு?

உங்கள் பக்கம். மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்! அவருடைய பயத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

குழந்தையால் பார்த்து எடைபோட முடிகிற ஆபத்து ஒன்று, முடியாதது இன்னொன்று. உயரம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, கிளை ஆடுவது காலுக்குத் தெரிகிறது. பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று எந்தக் குழந்தைக்கும் தெரியாது. இரண்டாவது வகையை வீட்டைவிட்டே அப்புறப்படுத்த வேண்டும். முதல் வகையை அளவாக விட்டுவைக்க வேண்டும். கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப்பில் 1943லேயே பலகை, ஆணி, சுத்தியல் எல்லாம் கொடுத்துப் பிள்ளைகளைத் தாங்களாகக் கட்டி விளையாட விட்ட திடல் ஒன்று இருந்தது. வாக்கரைத் தடை செய்த அதே கனடாவில், குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2024இல் இப்படிச் சற்றுத் துணிச்சலான விளையாட்டுக்கு ஆதரவாக அறிக்கை விட்டது.

கை ஒடியாதா என்றால், ஒடியலாம். மரத்தடியில் கல், கம்பி இருந்தால் எடுத்துவிடுங்கள். சைக்கிள் ஹெல்மெட்டோடு மட்டும் ஏற விடாதீர்கள், கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். நீங்களே தூக்கி உயரத்தில் உட்கார வைக்க வேண்டாம், தானாக ஏறுகிற உயரம் போதும். கீழே நின்று “பார்த்து, பார்த்து” என்று கத்தினால் அவள் உங்களைத்தான் பார்ப்பாள், கிளையை இல்லை. “அடுத்த காலை எங்கே வைக்கப் போகிறாய்?” என்று கேளுங்கள்.

கேள்வி: போன வாரம் என் பையன் மின்கெட்டிலின் ஒயரை இழுத்து, வெந்நீர் கையில் கொட்டிவிட்டது. பற்பசை தடவி மருத்துவமனைக்கு ஓடினேன். இப்போது தேறிவிட்டான். ஆனால் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள், தூக்கமே வரவில்லை அக்கா.

பற்பசை வேண்டாம், ஐஸும் வேண்டாம். வெந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். 20 நிமிடம் என்பது அழுகிற பிள்ளையோடு நிற்கும்போது ரொம்ப நீளம், கடிகாரம் பார்த்து நில்லுங்கள். அப்புறம் அந்த இடத்தைச் சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி அழைத்துப் போகலாம்.

திட்டுகிறவர்களில் யாராவது அந்த ஒயரைச் சுருட்டிக் கட்டினார்களா? ஒரு வாரம் ஆகியும் அது அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். இன்று ராத்திரி கெட்டிலை மேடையின் உள்பக்கம் தள்ளி வைத்து, ஒயரைக் குட்டையாகச் சுருட்டிக் கட்டிவிட்டுப் படுங்கள்.