நாகசாகியில் எந்தக் கோயிலுக்கு முதலில் போவது?

கேள்வி: என் தம்பி ஃபுகுவோகாவில் வேலை பார்க்கிறான். அக்டோபர் 5 முதல் 8 வரை நானும் கணவரும், ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும், 71 வயது மாமியாரும் அவனோடு நாகசாகிக்குப் போகிறோம். சவேரியார் போதித்த ஊராச்சே, மாதா கோயில் ஒன்றையும் விடக் கூடாது என்கிறார் மாமியார். கணவருக்கு அணுகுண்டு நினைவிடம். மகளுக்கு, வாசலில் பெரிய வளைவு வைத்த ஜப்பான் கோயில். 'அந்தக் கோயில் வாசலை நான் மிதிக்க மாட்டேன்' என்று மாமியார் இப்போதே சொல்லிவிட்டார். பதினொரு வயதுப் பிள்ளையை அணுகுண்டு அருங்காட்சியகத்துக்குள் கூட்டிப்போகலாமா என்று எனக்குப் பயம். மாமியாருக்கு மூட்டுவலி வேறு. கோட்டோ தீவுகள், ஹிராடோ எல்லாவற்றையும் நான்கு நாளில் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: முடியாது. கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிட்டால் மற்றதைப் பேச நேரம் கிடைக்கும். கோட்டோவுக்கு நாகசாகித் துறைமுகத்திலிருந்து வேகப்படகிலேயே ஒன்றரை மணி நேரம். காற்று எழும்பினால் படகை நிறுத்திவிடுவார்கள். தீவில் இறங்கினாலும் ஒரு கோயிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே மலைப்பாதை, சில இடத்தில் இன்னொரு படகு. உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கோயில்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மூட்டுவலிக்காரரை ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பினால் அவருக்கு மிஞ்சுவது படகின் ஆட்டம் மட்டும்தான். அது தனிப் பயணமாக இருக்கட்டும்.

ஹிராடோவையும் விட்டுவிடச் சொல்வதற்குத்தான் எனக்குத் தயக்கம். ஏனென்றால் சவேரியார் போனது அங்கேதான். 1549 ஆகஸ்ட்டில் ககோஷிமாவில் கரை இறங்கினார். 1550இல் ஹிராடோவுக்குப் போனார். 1552இல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். நாகசாகி போர்ச்சுகீசியக் கப்பல்களுக்குத் துறைமுகமாகத் திறந்தது 1571இல். அதாவது, நாகசாகி நகரத்தில் அவர் கால் படவே இல்லை. அவர் கால் பட்ட முத்துக்குளித்துறையிலிருந்து கிளம்பி, கால் படாத ஊருக்கு உங்கள் மாமியார் போகிறார்! விமானத்தில் ஏறும் முன்பே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்தால் வருத்தம் அதிகமாகும்.

ஆனால் அவருக்கு ஆறுதலாக ஓர் ஆள் அங்கே காத்திருக்கிறார். நாகசாகி ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் நிஷிசாகா என்ற சிறு மேடு. 1597 பிப்ரவரி 5 அன்று, அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் உத்தரவில் 26 கிறிஸ்தவர்களைச் சிலுவையில் அறைந்து கொன்ற இடம் இது. கியோட்டோவில் அவர்களில் பெரும்பாலோருடைய இடது காதில் ஒரு பகுதியை அறுத்து, குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் நடத்தியே கூட்டி வந்தார்கள். அந்த 26 பேரில் ஒருவர் கொன்சாலோ கார்சியா. மும்பைக்குப் பக்கத்தில் வசை என்ற ஊரில் போர்ச்சுகீசியத் தந்தைக்கும் உள்ளூர்த் தாய்க்கும் பிறந்தவர். 1862இல் புனிதர் பட்டம் பெற்றபோது, இந்திய மண்ணில் பிறந்த முதல் புனிதரானார். நினைவுச் சின்னத்தில் 26 வெண்கல உருவங்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. சிலுவை கிடையாது, பாதங்கள் தரையைத் தொடாமல் கீழ்நோக்கித் தொங்குகின்றன. வரிசையில் மூன்று பேர் மட்டும் குள்ளமாகத் தெரிவார்கள். அவர்கள் சிறுவர்கள். மிகச் சிறியவனுக்கு வயது 12. உங்கள் மகள் கட்டாயம் கேட்பாள், பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இதுவும், உங்கள் மகள் கேட்ட மாதிரி வாசலில் வளைவு வைத்த சுவா என்ற ஜப்பான் (ஷிண்டோ மத) கோயிலும் போதும். சுவாவை ஏன் முதல் நாளே என்றால், அக்டோபர் 7, 8, 9 மூன்று நாளும் அங்கே குஞ்சி திருவிழா. 1634 முதல் நடக்கிறது. ஊரே அங்கே இருக்கும். படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது. தங்க அறை இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இந்தப் பதிலைப் பாதியில் வைத்துவிட்டு அதைச் செய்யுங்கள்.

'வாசலை மிதிக்க மாட்டேன்' என்று சொன்னவரிடம் வாதாட வேண்டாம். அங்கே வருகிற யாரையும் கும்பிடச் சொல்வதில்லை. வளைவுக்கு வெளியே நின்றாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சுவாவின் படிகள் இருநூறுக்குக் கிட்டத்தட்ட வரும் என்பதால், மூட்டுக்கும் கொள்கைக்கும் ஒரே தீர்வாகக் கீழேயே உட்கார வைத்துவிடலாம். மகளுக்கு மட்டும் முறையைச் சொல்லிக் கொடுங்கள்: வளைவின் நடுவில் போகாமல் ஓரமாக நுழைய வேண்டும், நடுப்பாதை சாமிக்கு. தண்ணீர்த் தொட்டியில் அகப்பையால் மொண்டு முதலில் இடது கை, பிறகு வலது கை, பிறகு இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. சன்னிதி முன்னால் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கடைசியாக ஒரு முறை குனிவார்கள். கும்பிட விருப்பமில்லாவிட்டால் சும்மா தலை தாழ்த்தி நின்றாலே போதும். புத்தர் கோயிலில் கைதட்டல் கிடையாது.

அந்த வளாகத்தில் கல் சிங்கம் மாதிரி காவல் நாய்கள் நிறைய உண்டு. விட நினைக்கும் பழக்கம் ஏதாவது இருந்தால், அவற்றில் ஒரு ஜோடியின் முன்னங்காலில் காகிதக் கயிற்றைக் கட்டுவார்கள். சிகரெட்டுக்காகக் கட்டுகிறவர்கள் அதிகம். உங்கள் கணவரின் கைப்பேசிக்காக நீங்களும் ஒன்று கட்டிப் பார்க்கலாம்.

மாமியார் கீழே உட்கார்ந்திருக்கும்போது இன்னொன்றும் சொல்லுங்கள். 1580இல் நாகசாகியை இயேசு சபையாரிடமே கொடுத்துவிட்டார் அந்தப் பகுதிப் பிரபு. அவர் ஞானஸ்நானம் பெற்றவர். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஜப்பான் கோயில்களையும் புத்தர் கோயில்களையும் கிறிஸ்தவர்கள் இடித்தார்கள், எரித்தார்கள். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடையானதும் எல்லாம் தலைகீழாகி மாதா கோயில்கள் இடிபட்டன. சுவாவை 1625இல் மறுபடி எழுப்பினார்கள். ஊர் மக்களை இந்தப் பக்கம் திருப்பத்தான் குஞ்சி திருவிழாவுக்கு ஆட்சியாளர்கள் அவ்வளவு ஆதரவு கொடுத்ததும். நம் வழிகாட்டிகள் வேதசாட்சிகள் கதையை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

இரண்டாம் நாளை முழுதாக நாகசாகியின் ஒரு பகுதியான உரகாமிக்குக் கொடுங்கள். உங்கள் வீட்டில் ஆளுக்கொன்றாகக் கேட்கும் மூன்றும் அங்கே ஒரே பேட்டையில் கிடக்கின்றன. கணவரை அருங்காட்சியகத்துக்கும் மாமியாரைக் கோயிலுக்கும் தனித்தனியாக அனுப்பிவிடாதீர்கள்.

தடை இருந்த காலத்தில் உரகாமி கிராமத்தார் ரகசியமாகக் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள். தாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று நிரூபிக்க, ஆண்டுதோறும் ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய், இயேசுவோ மாதாவோ பொறித்த தகட்டை மிதித்துக் காட்ட வேண்டும். 1867 முதல் பிடிபட்டு ஏறக்குறைய 3,400 பேர் வெவ்வேறு பகுதிகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அறுநூறுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. 1873இல் தடை நீங்கி ஊர் திரும்பியவர்கள், தாங்கள் தகட்டை மிதித்த அதே ஊர்த்தலைவர் வீட்டு நிலத்தை வாங்கி 1895இல் கோயில் கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடிக்க 1914 ஆயிற்று. 1945 ஆகஸ்ட் 9 காலை 11:02க்கு, அங்கிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளி வானத்தில் குண்டு வெடித்தது. உள்ளே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும், வரிசையில் நின்றவர்களும் அப்படியே போனார்கள். உரகாமியின் 12,000 கத்தோலிக்கரில் ஏறக்குறைய 8,500 பேர் இறந்தார்கள்.

இப்போது நிற்பது 1959இல் திரும்பக் கட்டியது. உள்ளே போகும் முன் முற்றத்தில் நில்லுங்கள். பழைய கோயிலின் கல் சுரூபங்கள் வரிசையாக நிற்கும். ஒரு பக்கம் கருகியிருக்கும், சிலவற்றுக்கு மூக்கு இல்லை, சிலவற்றுக்குத் தலையே இல்லை. பக்கத்துச் சரிவில் மணிக்கூண்டின் கவிகை, விழுந்த மாதிரியே ஓடைக்கரையில் கிடக்கிறது. உள்ளே, எரிந்த பழைய பீடத்திலிருந்து கிடைத்த மரத்தாலான மாதாவின் தலை இருக்கிறது. கண்ணாடிக் கண்கள் உருகிப்போய் இரண்டு கரிய குழிகள்தான். உங்கள் மாமியார் அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்துவிடுவார். அவசரப்படுத்தாதீர்கள். திருப்பலிக்குப் போக ஆசைப்பட்டால் தாராளமாகப் போகட்டும். வயதான பெண்கள் வெள்ளை முக்காடு போட்டிருப்பார்கள், இவர் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டால் சரியாகப் பொருந்திவிடும்.

ஆனால் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் திருப்பலி நேரத்தில் நுழையக் கூடாது, உள்ளே படமும் எடுக்கக் கூடாது. இது அந்த வட்டாரக் கோயில்களில் பொதுவான விதி. நான் முதல் தடவை போனபோது ஒரு கோயிலில் கேமராவோடு கதவைத் தள்ளினேன். உள்ளே இருந்த பாட்டி இரண்டு ஆள்காட்டி விரலையும் குறுக்காக வைத்துக் காட்டினார். சிலுவை போடச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நானும் பக்தியாக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். 'கூடாது' என்பதற்கு ஜப்பானியர் காட்டும் சைகை அது என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

கோயிலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் குண்டு வெடித்த இடத்துக்கு நேர்கீழே உள்ள பூங்கா. ஒரு கருங்கல் தூணும், பக்கத்தில் பழைய உரகாமிக் கோயிலின் சுவர்த் துண்டு ஒன்றும் உண்டு. அதையடுத்து அமைதிப் பூங்காவின் பெரிய சிலையை எல்லாரும் படம் எடுப்பார்கள். எனக்கு அந்தச் சிலையைவிட எதிர்முனையில் உள்ள நீரூற்றுதான் பெரிது. உடம்பெல்லாம் வெந்து தண்ணீர் தண்ணீர் என்று கேட்டே இறந்தவர்களுக்காக 1969இல் அமைத்தது. நடுவில் தரையோடு தரையாகச் சுவர் அடித்தளம் தெரியும். அது ஒரு சிறைச்சாலை இருந்த இடம். அன்று அங்கிருந்த 134 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கைதிகளில் சீனர்களும் கொரியர்களும் இருந்தார்கள்.

சரி, மகள். அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே போனால் அவள் வயதுப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக வருவதைப் பார்ப்பீர்கள். அவர்கள் மடித்துக் கொண்டுவந்த காகிதக் கொக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஆனால் நீங்களோ கணவரோ முதலில் தனியாக ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். காயம்பட்டவர்களின் புகைப்படங்கள் இருக்கும் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். அவளை ஒரு டிபன் பாக்ஸ் முன்னால் நிறுத்துங்கள். 14 வயதுப் பெண்ணுடையது. உள்ளே சோறு கரிக்கட்டியாக இருக்கிறது. அந்தக் குண்டு என்ன செய்தது என்று அவளுக்குப் புரிய அது போதும். வெப்பத்தில் மணிகள் உருகி ஒட்டிப்போன ஜெபமாலைகளும் அங்கே உண்டு, மாமியாரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். அன்று சாயங்காலம் வேறு எதுவும் வேண்டாம். பிள்ளை கேட்டால் பேசுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

நடுவில் நேரம் கிடைத்தால் சன்னோ ஜப்பான் கோயில். குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 800 மீட்டர். வீடுகளுக்கு நடுவே குறுகலான தெருப்படி. மேலே பார்த்தால் கல் வளைவில் ஒரு கால் மட்டும் நிற்கிறது. மறு பாதியை வெடிப்பு அன்றே பெயர்த்துவிட்டது. அந்தத் துண்டுகள் பக்கத்திலேயே கிடக்கின்றன. இன்னும் கொஞ்சம் உள்ளே இரண்டு பெரிய கற்பூர மரங்கள். இலை கிளை எல்லாம் எரிந்து மொட்டையாக நின்றவை மறுபடி துளிர்த்தன. ஒன்றின் பொந்துக்குள் அன்றைய வெடிப்பு தூக்கி வீசிய கற்கள் இருக்கின்றன. படி ஏறி எட்டிப் பார்க்கலாம். உங்கள் மாமியார் மிதிக்க மாட்டேன் என்கிற வாசலில் பாதி இங்கே இல்லவே இல்லை. அந்தப் பக்கம் போவதும் போகாததும் அவர் விருப்பம்.

மூன்றாம் நாள் ஓவுரா மாதா கோயில். 1865இல் அர்ச்சித்தது, நிஷிசாகாவின் 26 பேருக்கு அர்ப்பணித்தது. அந்த ஆண்டு மார்ச் 17 மதியம், உரகாமியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்த மாதிரி உள்ளே வந்தார்கள். முழந்தாளிட்டிருந்த பிரெஞ்சுக் குரு பெத்திஜான் பக்கத்தில் ஒரு பெண் வந்து, தங்கள் நெஞ்சும் அவர் நெஞ்சும் ஒன்றுதான் என்று கிசுகிசுத்தாள். அடுத்த கேள்வி, சாந்தா மரியாவின் (மாதாவின்) சுரூபம் எங்கே என்பது. குரு ஒருவர்கூட இல்லாமல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வீட்டுக்குள்ளேயே காப்பாற்றிய விசுவாசம் அன்றுதான் வெளியே வந்தது. அவர்களுக்குக் காட்டிய சுரூபம் இன்றும் பீடத்துக்கு வலப்பக்கம் இருக்கிறது. இங்கே கட்டணம் உண்டு. அன்றாடத் திருப்பலி பக்கத்துச் சிறிய கோயிலில்தான்.

இதற்கு ஏற்றம் அதிகம். டிராமை ஓவுரா நிறுத்தத்தில் விட்டுவிடாமல் கடைசி நிறுத்தமான இஷிபாஷி வரை போங்கள். அங்கே மலைச்சரிவில் சாய்வாக ஏறும் இலவச மின்தூக்கி இருக்கிறது. மேலே குளோவர் தோட்டத்துக்குச் சீட்டு வாங்கி, தோட்டம் வழியாக மெல்ல இறங்கினால் கோயில் பக்கத்தில் வந்து சேரலாம். மூட்டுவலிக்கு இறங்குவதும் சிரமம்தான், இருந்தாலும் அந்த ஏற்றத்துக்கு இது தேவலை.

நான்காம் நாள் தம்பி கார் ஓட்டினால் சொதோமே என்ற கடலோரப் பகுதி. ஒரு மணி நேரத்துக்குள்தான். தெ ரோ என்ற பிரெஞ்சுக் குரு 1882இல் கட்டிய ஷித்சு மாதா கோயில் கடலைப் பார்த்து நிற்கிறது. வறுமையில் கிடந்த ஊர்ப் பெண்களுக்கு நெசவும் மாவுத்தொழிலும் கற்றுக் கொடுத்து அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தவர் அவர். அப்புறம், காட்டுக்குள் கொஞ்சம் நடந்தால் கரெமாத்சு. பெயரும் கட்டடமும் ஜப்பான் கோயிலுடையவை. உள்ளே வைத்துப் போற்றுவதோ சான் ஜிவான் என்ற கிறிஸ்தவக் குருவை. ரகசியக் கிறிஸ்தவர்கள் பக்கத்துப் பாறை மறைவில் கூடி ஜெபம் சொல்லிப் பழகிய இடம். மாமியார் அதற்கும் வாசலிலேயே நின்றுவிட்டாரா என்று திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள்.